கட்டுநாயக்கா வரை போன சுபைதா ராத்தா

இதை எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. முதலில் அதற்காக மன்னித்துக்கொள்ளுங்கள். சுபைதா ராத்தாவின் ஊரவள் அல்ல நான்; அவருடைய மார்க்கத்தவளும் அல்ல. தெல்தெனியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே இருக்கும் நம் பயண அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து மேசையில் சில வருடங்கள் இருந்தவள். அவ்வளவுதான். மக்காவுக்கு உம்ரா போய்வந்தவர்களுக்காக வருடந்தோறும் அச்சிடும் மலரில் ராத்தாவைப் பற்றி எழுதித் தரும்படி முதலாளி ஹாஜியார் கேட்டபோது, நெடுநாள் பழகியவர்கள் யாராவது எழுதட்டும் என்றேன்.

"பழகினவங்க ஊர் நெறய ஈக்கிறாங்க மகள். பக்கத்துல இருந்து பாத்தது நீங்கதானே" என்றார்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் ஒப்புக்கொண்டேன்.

செய்தி வந்தபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஹாஜியார்தான் அழைத்தார். "மகள், சுபைதா ராத்தா மௌத்தாகிட்டாங்க" என்றார். முந்தின நாள் பின்னேரம் சமையலறையில் பாரிசவாதம் வந்து விழுந்திருக்கிறார். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் நினைவு திரும்பாமலே உயிர் பிரிந்திருக்கிறது. விமான நேரம் மாறிவிட்டது என்று அவர் சொன்னால் எப்படிச் சொல்வேனோ அப்படியே, "சரிங்க ஹாஜியார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் குரலை நானே கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் தந்தபோதுதான் எனக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று விளங்கியது.

உங்களில் பலர் ராத்தாவை முதன்முதலில் பார்த்தது நம் மேல்மாடிக் கூடத்தில்தான் இருக்கும். முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களுக்கு அவர் அங்கே ஒரு வகுப்பு நடத்துவார். பிளாஸ்டிக் கதிரைகளை மூன்று மூன்றாக இரு பக்கமும் போட்டு, நடுவில் நடைபாதை விடுவார். முன்வரிசைக் கதிரை ஒன்றில் பழைய வான் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பெல்ட்டைக் கட்டியிருந்தார். "இது அமத்தினா கழரும். பிளேன்ல ஈக்கியது தூக்கினாத்தான் கழரும். அமத்தி அமத்திப் பாத்துட்டு, மாட்டிக்கிட்டேன்னு சத்தம் போடாதீங்க" என்பார். ஒரு தடவை மாத்தளையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "மேல போனதும் காத்துக்கு ஜன்னலத் தொறக்கலாமா?" என்று கேட்டார்.

"தொறந்தா மக்காவுக்கு முந்தி சொர்க்கத்துக்குப் போயிருவீங்க மாமா. எங்களுக்கு டிக்கட் காசத் திருப்பித் தர ஏலாது" என்றார் ராத்தா. கூடம் முழுக்கச் சிரித்தது. சிரித்தால் பயம் இறங்கும் என்று அவருக்குத் தெரியும்.

அதே வகுப்பில் ஒரு பெண், "நீங்க எத்தின தரம் போயீக்கிறீங்க ராத்தா?" என்று கேட்டார். "நான் அனுப்பியவ. நானும் போயிட்டா உங்கள யாரு அனுப்பியது?" என்று அதையும் சிரிப்பாக்கிவிட்டார். எல்லோரும் போன பிறகு, கதிரைகளை அடுக்க நான் போனேன். ராத்தா பெல்ட் கட்டிய கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவராகவே சொன்னார்.

"நான் பிளேன்ல ஏறினதே இல்ல புள்ள. பறக்கியதுக்குப் பயமில்ல. கதவ மூடினாப் பொறகு நிப்பாட்டுன்னு சொல்ல ஏலாதே. பஸ்ஸுன்னா பெல்ல அடிச்சு எறங்கலாம்."

எத்தனையோ பேரை அந்தக் கதிரைகளில் உட்காரவைத்து அனுப்பியவர் அவர். உம்ரா முடித்துத் திரும்பியவர்களிடம் எல்லோரும் காபாவைப் பற்றிக் கேட்டால், ராத்தா விமானத்தைப் பற்றிக் கேட்பார். காது எப்போது அடைத்தது, மேகத்துக்குள் போகும்போது எப்படிக் குலுங்கியது, நடுவழியில் யாராவது அழுதார்களா. எல்லாம் வகுப்புக்காக என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அவருடைய கணவர் ஹனீபா நானாவை அவர்கள் ஊரான அக்குறணையில் எல்லோருக்கும் தெரியும். கடைவீதியில் சாரம் விற்கும் துணிக்கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை. பல வருடமாகவே போய்வர வசதி இருந்தது. நண்பர்கள் கூப்பிட்டபோதெல்லாம், "அவ இல்லாம நான் மட்டும் போய் என்னத்தச் செய்ய?" என்று தட்டிவிடுவார். அவருக்கு முழங்கால் வலி வரவரக் கூடிக்கொண்டிருந்தது. நடக்க முடிகிற காலத்தில் அவரைக் கூட்டிப்போய்விட வேண்டும் என்பதுதான் ராத்தாவின் ஒரே அவசரம். தன் பயத்தால் அவருடைய பயணமும் நின்றுபோகிறது என்பதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

கடைசியில் இருவருக்கும் வீசா எடுத்தோம். உம்ராவுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வராமலும் போகலாம் என்ற நினைப்போடு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். ராத்தா ஊரின் ஒரு ஒழுங்கையையும், ஒரு வீட்டையும் விடவில்லை. கடைசி நாள் என் மேசைக்கு வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"புள்ள, அறிஞ்சும் அறியாமலும் ஏதும் செஞ்சீந்தா மாப்பு தாங்க."

"ஐயோ, நீங்க எனக்கு என்னங்க ராத்தா செஞ்சீங்க?"

"அப்படிச் சொல்லக்கூடா. தந்தேன்னு சொல்லணும்."

"தந்தேன் ராத்தா."

பயணம் சொல்லப் போன வீடுகளில் எல்லாம், அங்கே கேட்கும்படி அவரிடம் ஒவ்வொரு துஆவை, பிரார்த்தனையை, ஒப்படைத்தார்கள். பிள்ளையில்லாத மருமகளுக்காக ஒருவர். காணி வழக்கு முடிய வேண்டும் என்று ஒருவர். ஓ.எல். சோதனை எழுதிய மகனுக்காக ஒருவர். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். எனக்கு ஆசிரியர் நியமனம் வர வேண்டும் என்று அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே என்னிடம் சொல்லி அனுப்பினார். "அந்த அம்மா ஏன் வெக்கப்படுறாங்க? கேக்கியவன் ஒருத்தன்தானே" என்றார் ராத்தா. இரண்டு வான் நிறைய ஆட்கள் அவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனார்கள்.

மறுநாள் காலையில் அவர்கள் இருவரும் வீட்டில் இருந்தார்கள்.

என்ன நடந்தது என்பதை ராத்தாவே எனக்குச் சொன்னார். விமானத்தின் கதவு வரைக்கும் போயிருக்கிறார். "அந்தப் பணிப்பெண் நல்லாத்தான் சிரிச்சா புள்ள. நான் அவட மொகத்தப் பாக்கல்ல, அவக்குப் பக்கத்துல ஈந்த கதவப் பாத்தேன். எவ்வளவு தடிப்பு! காலு கல்லாப் போச்சு." அவருக்கு முன்னால் ஹனீபா நானா உள்ளே ஏறிவிட்டிருந்தார். திரும்பிப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்து மனைவியின் கைப்பையை வாங்கிக்கொண்டார். "நீங்களாவது போகலாமே ஐயா" என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் பெட்டிகளை இறக்கித் தரும்படி மட்டும் கேட்டிருக்கிறார்.

ஊரெல்லாம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போனவர் அதே ஊருக்குள் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாரும் கேலி செய்யவில்லை. வழக்குக்காகத் துஆ கேட்கச் சொன்னவர் மட்டும் வந்து, "அப்ப என்ட விஷயம்?" என்றாராம். "கட்டுநாயக்காவுல ஒக்காந்து எல்லாருடதையும் கேட்டுட்டேன். உங்கடது ரெண்டாவது" என்றிருக்கிறார் ராத்தா. அவர் திருப்தியோடு போய்விட்டார். என்னுடையதையும் கேட்டதாகச் சொன்னார். நியமனம் இன்னும் வரவில்லை.

கேலியை அவர் தாங்கியிருப்பார். ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். "கவலப்படாதீங்க ராத்தா, அழைப்பு வரல்ல. அல்லாஹ்ட அழைப்பு வந்தா நீங்க தானா போவீங்க." அன்போடு சொன்னார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் அதைச் சொல்லிவிட்டுப் போன பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்த்தது நான். ஒரு நாள் கோபமாகவே கேட்டார்:

"வீசா வந்திச்சி. டிக்கட் வந்திச்சி. பெட்டிய நிறுத்துப் பிளேன்லயும் ஏத்தியாச்சி. இதுக்கு மேல எப்படிப் புள்ள அழைக்கியது? எனக்குப் பயம். பயம்னு சொன்னா யாரும் நம்புறாங்க இல்லையே."

பயத்துக்கு மருத்துவர் இருக்கிறார் என்று நான்தான் எங்கோ வாசித்துவிட்டுச் சொன்னேன். கண்டியில் ஒருவரிடம் போனோம். அவர் ராத்தா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, இது பலருக்கு இருப்பதுதான், பழகப் பழகக் குறையும், மாதக் கணக்கில் வர வேண்டியிருக்கும் என்றார். மூடிய இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இருந்து பழகச் சொன்னார். வெளியே வந்ததும் ராத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இது வருத்தமாம் புள்ள! மருந்து ஈக்கிய வருத்தமாம்!" வெறும் நோய்தான் என்று தெரிந்ததில், நடைபாதை என்றும் பார்க்காமல் அப்படி ஒரு சந்தோஷம். அவரை அவ்வளவு மலர்ச்சியாக அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

பிறகு சில வாரங்கள் மதிய இடைவேளையில் நாங்கள் கண்டிக்குப் போய், ஒரு கடைத்தொகுதியின் லிப்டில் ஏறி இறங்கினோம். கதவு மூடும்போது ராத்தா என் மணிக்கட்டைப் பிடிப்பார், நகம் பதியும். மேலே போவோம், இறங்காமல் கீழே வருவோம், மறுபடி மேலே. இரண்டு மூன்று நாள் கவனித்த காவலாளிப் பையன் கதவருகே வந்து சிங்களத்தில், "நோனா, கொஹாட்டத யன்னே?" என்று கேட்டான், எங்கே போகிறீர்கள் என்று. ராத்தா கண்ணை மூடிக்கொண்டே, "மக்கம, மல்லி" என்றார். மக்காவுக்கு, தம்பி என்று. அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த நாளிலிருந்து எங்களைக் கண்டதும் அவனே பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்து வைத்தான். கடைசி வாரத்தில் ராத்தா என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. தனியாகவே மேலே போய் வந்தார்.

மருத்துவர் இன்னும் சில மாதம் பொறுக்கச் சொன்னார். ஹனீபா நானாவின் முழங்கால் பொறுக்கவில்லை. அந்தப் பருவத்தின் கடைசிக் குழுவில் போவதென்று முடிவு செய்தார்கள். இம்முறை ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்றார் ராத்தா. போய் இறங்கிய பிறகு அங்கிருந்து அழைத்துச் சொல்லிக்கொள்ளலாம். அக்குறணை ஆட்கள் இல்லாத ஒரு குழுவைத் தேடி நாங்கள் அவர்களைச் சேர்த்தோம். பயணம் சொல்லவில்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கொழும்பில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போல வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள்.

கடவுச்சீட்டுகளை விமான நிலையத்தில் ஒப்படைக்க அலுவலகத்திலிருந்து நான் குழுவின் பஸ்ஸில் போனேன். குருநாகல் தாண்டும் வரைக்கும் ராத்தா நன்றாகத்தான் இருந்தார். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குப் பெல்ட் எப்படிக் கழற்றுவது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் பேச்சுவாக்கில், "பயணம் சொல்லிச் சொல்லியே எனக்குக் கால் வீங்கிட்டு ராத்தா. ஒரு ஆள் பாக்கியில்ல. இனி மௌத்தானாலும் கவலயில்ல" என்று சொல்லிச் சிரித்தார். ராத்தாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிரிஉல்லயில் தேநீருக்கு நிறுத்தினார்கள். திரும்ப எல்லோரும் ஏறியபோது ராத்தா கடை வாசலிலேயே நின்றார்.

"நான் ஒருத்தர்ட்டயும் மாப்பு கேக்கல்ல. அப்படியே அந்தக் கதவுக்குள்ள போக எனக்கு ஏலா."

"போன தரம் கேட்டதுதானே ராத்தா, எல்லாரும் தந்தாங்களே" என்றேன்.

"அது அந்தப் பயணத்துக்கு. அதுக்குப் பொறகு எத்தின பேரோட கோவிச்சீப்பேன். நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் போனால் பாதியில் திரும்பி ஊருக்குள் வர முடியாது. சொல்லாமல் போனால் போகவே முடியாது. பயம் அவருக்கு எந்தப் பக்கமும் வழி வைக்கவில்லை. நான் என்னவெல்லாமோ சொன்னேன். சாரதி ஹோர்ன் அடித்தார். ஹனீபா நானா பஸ்ஸுக்கு அடியிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "பரவாயில்ல மகள், நீங்க போங்க. மத்தவங்களுக்கு நேரமாகுது" என்றார். பஸ் புறப்பட்டபோது பின்கண்ணாடியால் பார்த்தேன். குருநாகல் பக்கம் போகும் பஸ்ஸுக்காக அவர்கள் இருவரும் வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள். நானாவுக்குக் காலை மடக்க முடியவில்லை. பெரிய பெட்டியை ராத்தாதான் இழுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு நாங்கள் கண்டிக்குப் போகவில்லை. மருத்துவர் தந்த நாள் வந்தபோது நினைவூட்டினேன். ராத்தா கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வேணாம் புள்ள. எனக்கு அழைப்பு இல்ல" என்றார்.

ஊர் சொன்ன அதே சொல். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. பயம் என்றால் மருந்து எடுக்கலாம், மறுபடி முயலலாம், மூன்றாவது தடவையும் போய்ப் பார்க்கலாம். அழைப்பு இல்லை என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பயம் என்றே அவர் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவருடைய நம்பிக்கைக்குள் கால் வைத்துப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. வகுப்பை அவர் தொடர்ந்து நடத்தினார். பகிடிகளும் அவையேதான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் முன்னைப்போல, திரும்பி வந்தவர்களிடம் விமானத்தைப் பற்றிக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். சில மாதங்கள் அப்படிப் போயின. பிறகு அந்தப் பின்னேரம் சமையலறையில் விழுந்தார்.

செய்தி கேட்ட அன்று நான் கண்டியில் இறங்கி, மாத்தளை பஸ் ஏறி அக்குறணைக்குப் போனேன். ஜனாஸா வீட்டில் பெண்கள் பக்கம் ஒரு மூலையில் இடம் தந்தார்கள். தலையை மூட என் சால்வை போதவில்லை என்று யாரோ ஒருவர் தன்னுடையதைத் தந்தார். கடைசியாக அவர் முகத்தைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "உம்ராவுக்குத்தான் அழைப்பு வரல்ல. இதுக்கு வந்திட்டு." பலர் ஆமாம் என்று பெருமூச்சு விட்டார்கள். நான் வாங்கிய சால்வையை இழுத்து மூடிக்கொண்டு என் மூலைக்குத் திரும்பினேன்.

சில நாள் கழித்து ஹாஜியாரோடு ஹனீபா நானாவைப் பார்க்கப் போனேன். அவர் கடையைத் திறந்திருந்தார். சாரங்கள் எல்லாம் மடித்தபடி இருந்தன. ஹாஜியார் அவரிடம், "இப்பவாவது போய்ட்டு வாங்க நானா. கால் முழுக்க விழ முந்திப் போங்க. மொதல்ல உங்கட உம்ராவச் செய்ங்க, பொறகு அவங்கட பேர்ல ஒண்டு செய்ங்க. நான் ஏற்பாடு செய்றேன்" என்றார். நானா தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ரெண்டு தரம் அல்லாஹ் என்னயும் சேத்துத்தானே திருப்பினான். அவக்கு இல்லாத அழைப்பு எனக்கு எங்கால ஹாஜியார்?"

ஹாஜியார் அவர் தோளைத் தொட்டுவிட்டு வெளியே இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

ராத்தாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வகுப்பில் விமானத்தைப் பற்றிய பகுதியை இப்போது நான் நடத்துகிறேன். அவரைப் போல எனக்குச் சிரிக்கவைக்க வராது. நானும் விமானம் ஏறியதில்லை. கேட்டால் அப்படியே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கேள்வி கேட்கும்போது ஒன்றுமே கேட்காமல், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்தை மட்டும் தேடிப் பார்க்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருக்கிறார். அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். அதனால் ஏதும் ஆகிறதா என்று எனக்குத் தெரியாது. அநேகமாக ஒன்றும் ஆவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு நேரமும் அதைக் கேட்கத் துணிவில்லாமல்தான் மற்றதை எல்லாம் எழுதினேன். நீங்கள் அவர் அனுப்பிப் போய்வந்தவர்கள். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும். ராத்தாவைப் பற்றிப் பேச்சு வரும்போது, அவருக்கு அழைப்பு வரவில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் பயந்தார் என்று சொல்லுங்கள். பயந்துகொண்டே இரண்டு தடவை புறப்பட்டார் என்று சொல்லுங்கள். ஹனீபா நானாவின் கடையில் நின்று, அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.